கணக்கில் வராத நீர்

குழாயின் வாயைத் திருகியவுடன் நீர் வந்தால் அதனை மறந்துவிடுவதும், வராவிட்டால் யாரையாவது நொந்துகொள்வதும் நகரவாசிகளின் வழக்கம். தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்று சொல்லி வைத்த முன்னோர் கிணற்றையும் குளத்தையும் கண்ணாற் கண்டு வாழ்ந்தவர்கள். நீர் எங்கே ஊறுகிறது, யார் இறைக்கிறார்கள், எந்த மாதத்தில் வற்றும் என்பனவெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நகரத்திலோ நீர் மண்ணுக்கடியில் ஒளிந்து வருகிறது. அதனை அனுப்புவோர் ஒருபுறமும் பருகுவோர் மற்றொருபுறமும் ஒருவரையொருவர் காணாமலே வாழ்கிறார்கள். இந்தக் காணாமையினால் விளையும் தீங்குகள் எவை, அவற்றை நீக்கும் வழி யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள். கொழும்பு மாநகரத்தையும், அதிலே தமிழர் நெருங்கி வாழும் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்னும் இரு பகுதிகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராயலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும் கொழும்பு மக்கள் கிணற்று நீரையே பெரிதும் நம்பியிருந்தனர். நகரம் நெருங்க நெருங்கக் கிணறும் மலக்குழியும் ஒன்றையொன்று நெருங்கின. வாந்திபேதி நகரைப் பலமுறை வாட்டிற்று. 1865ஆம் ஆண்டிற் பிறந்த சட்டத்தின்படி மாநகர சபை அமைந்த பின்னர், நகருக்குத் தூய நீர் கொணரும் முயற்சி வலுப்பெற்றது. அதன் பயனாக, களனி கங்கையின் கிளையாறுகளுள் ஒன்றாகிய வாக் ஓயாவின் மேற்புறத்திலே, காடு சூழ்ந்த லபுகமை என்னுமிடத்தில் ஒரு நீர்த்தேக்கம் கட்டப்பட்டு 1886ஆம் ஆண்டிற் பயனுக்கு வந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 28 மைல் தூரம் இரும்புக் குழாய் வழியாக நீர் இறங்கி வந்து, மருதானையிலுள்ள மாளிகாகந்தை மேட்டுத் தொட்டியை அடைந்தது. நகரின் வடபால், கொட்டாஞ்சேனைக்கும் முகத்துவாரத்துக்கும் அண்மையில், எலி ஹவுஸ் என்னும் மேட்டிலும் ஒரு தொட்டி எழுந்தது. பின்னர் 1950களில் களட்டுவாவை நீர்த்தேக்கமும், 1960களில் அம்பத்தலையிலே களனி கங்கையின் நீரை நேரே எடுத்துத் தெளிவாக்கும் நிலையமும் அமைந்தன. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. நெடுங்காலம் மாநகர சபையின் கையில் இருந்த கொழும்பின் நீர் விநியோகம் காலப்போக்கில் அச்சபையின் பொறுப்பாயிற்று.

இவை பெருமைப்படத்தக்க வேலைகள். ஆயினும் லபுகமையிலிருந்து மருதானை வரையும் நீரைக் கொண்டுவருவது ஒரு கலை. தெருக் குழாயிலிருந்து ஒரு வீட்டின் குடம் வரையும் அதனைக் கொண்டுசெல்வது வேறொரு கலை. முன்னதற்குக் கல்லும் இரும்பும் கணிதமும் போதும். பின்னதற்கு மனிதரோடு பழகும் அறிவும் வேண்டும். 28 மைல் கடந்து வந்த நீர் கடைசி 28 அடியிலே தடுமாறுவதைக் கொட்டாஞ்சேனையிலே காணலாம்.

கொழும்பிலே 'தோட்டம்' என்றால் பூவும் காயும் செழிக்கும் இடம் என்று எண்ணுவோர் ஏமாறுவர். துறைமுகத்திலும் பண்டசாலைகளிலும் உழைத்தவர்கள் ஒண்டிக் குடியிருந்த ஒற்றையறை வீட்டு வரிசைகளுக்கே அப்பெயர். சிங்களத்தில் 'வத்த' என்பது அதுவே. வெள்ளவத்தை என்னும் ஊர்ப் பெயரின் பிற்பாதியும் அச்சொல்லே. மணற்பாங்கான தோட்டம் என்பது அதன் பொருள். ஒன்று பெயரளவில் தோட்டம்; மற்றொன்று வாழ்க்கையளவில் தோட்டம்.

கொட்டாஞ்சேனையின் பழைய தோட்டங்களிலே பல குடும்பங்களுக்கு ஒரு பொதுக் குழாய் என்பதே நெடுங்கால ஏற்பாடு. 'பைப்படி' என்று மக்கள் அதனைச் சொல்வர். குடிக்கும் நீர், குளிக்கும் நீர், குழந்தையின் துணி அலசும் நீர் யாவும் அங்கேதான். பகலில் நகரம் முழுவதும் நீரை இழுக்கும்போது குழாயிலே நூல்போல் ஒழுகுவது, நள்ளிரவுக்குப் பின் நகரம் உறங்கும்போதே விசையுடன் வரும். ஆகவே நீர் பிடிப்பவர் உறங்காதிருக்க வேண்டும். பெரும்பாலும் அவர் ஒரு பெண்ணாகவே இருப்பார். விடியும்முன் வாளிகளை வரிசையில் வைத்துக் காத்து நிற்கும் அத்தாய், காலையிலே பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வேலைக்கும் போக வேண்டியவர். பொதுக் குழாய் நீருக்குப் பணம் இல்லை என்பர். அவர் கொடுத்தது பணமன்று; உறக்கம். அந்த விலை எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.

பொதுக் குழாயின் பெருங்குறை ஒன்றுண்டு. அது யாருக்கும் உரியதன்று. அதன் பிடி உடைந்தால் திருத்துவது யார் கடமை என்பது தெளிவில்லை. அதனைச் சுற்றிச் சேறு தேங்கினால் வடிகால் வெட்டுவோர் இல்லை. வீட்டு இணைப்பு உடையவரிடம் ஒரு கணக்கிலக்கம் இருக்கிறது. அவ்விலக்கத்தைச் சொல்லி முறையிட்டால் அலுவலகத்துக்கு அவர் யார் என்பது தெரியும். பைப்படியில் நிற்கும் பெண்ணுக்கு இலக்கமும் இல்லை, பட்டியலும் இல்லை. ஆதலால் முறையீட்டுக்கு முகவரியும் இல்லை. அவர் பருகும் நீரும் கணக்கில் வருவதில்லை. அவரும் கணக்கில் வருவதில்லை.

இந்நிலையை மாற்ற எடுக்கப்பட்ட முயற்சிகள் சில நினைவுகூரத்தக்கவை. 1970களின் இறுதியில் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் துணையோடு கொழும்பின் வறிய குடியிருப்புக்களிலே சுகாதாரத் திட்டமொன்று தொடங்கிற்று. மாநகர சபை சுகாதார ஊழியரைத் தோட்டங்களுக்குள் அனுப்பிற்று. குடியிருப்பாளரே கூடிச் சமுதாய அபிவிருத்திச் சபைகளை அமைத்தனர். குழாய் எவ்விடத்தில் நடுவது, கழிப்பிடத்தை எக்குடும்பங்கள் பகிர்வது என்பனவற்றை அவர்கள் கூடிப் பேசினர். 1984 முதல் 1989 வரை நடைபெற்ற பத்துலட்சம் வீட்டுத் திட்டமும் இவ்வழியைப் பின்பற்றிக் குடியிருப்பாளரை ஆலோசனையில் அமர்த்திற்று. அதிகாரி வரைந்த படத்திலே குழாய் நேர்கோட்டில் நிற்கும். ஆனால், மழைநாளில் எந்த முடுக்கில் வெள்ளம் நிற்கும், எந்த மூலையில் இருட்டின் காரணமாகப் பெண்கள் போக அஞ்சுவர் என்பவை படத்திலே இரா. அவற்றை அறிந்தவர்களைக் கேட்டு நட்ட குழாயே நிலைத்து நின்றது.

பின்னர் தோட்டங்களிலே பொதுக் குழாய்களை நீக்கி வீட்டுக்கு வீடு மானியுடன் இணைப்பு வழங்கும் முறை பரவிற்று. சமுர்த்தி உதவி பெறுவோருக்கும் தோட்டக் குடியிருப்பாளருக்கும் குறைந்த கட்டண வகையும் வகுக்கப்பட்டது. இது நல்ல மாற்றமே. எனினும் ஒரு எச்சரிக்கை வேண்டும். வீட்டு இணைப்பைக் கொடுத்த பின்னர் பொதுக் குழாயை எடுத்துவிட்டால், முதற்பணம் கட்ட இயலாத குடும்பம் எங்கே போகும்? காணி உறுதியோ வாடகைச் சீட்டோ இல்லாதவர் எதைக் காட்டி விண்ணப்பிப்பார்? ஓர் அறையில் இரு குடும்பங்கள் இருக்க ஒரு மானியே பொருத்தப்படின், பட்டியலைப் பகிர்வது எங்ஙனம்? இவற்றுக்கு விடை காணும்முன் குழாயைப் பிடுங்குவது, ஏணியை வைப்பதற்கு முன் தரையை எடுப்பதாகும். இவ்விடைகளை அலுவலகத்து மேசையிலிருந்து காண முடியாது. தோட்டத்துக்குள் சென்று, அங்குள்ளோருடன் அமர்ந்து, அவர்கள் மொழியிலே பேசினால் மட்டுமே காணலாம்.

இனி நீரின் கணக்கைப் பார்ப்போம். நிலையத்திலிருந்து வெளியே அனுப்பப்படும் நீரின் அளவுக்கும், பணம் பெறப்படும் நீரின் அளவுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வருமானம் தராத நீர் என்பர். முன்னர் அதனைக் கணக்கில் வராத நீர் என்றே அழைத்தனர். 2012ஆம் ஆண்டளவிற் கொழும்பு நகரிலே அது நூற்றுக்கு 49 ஆக இருந்தது. காட்டிலே தேக்கி, மருந்திட்டுத் தெளிவாக்கி, மின்சாரச் செலவில் ஏற்றி அனுப்பிய நீரில் ஏறத்தாழப் பாதி பட்டியலில் ஏறவில்லை. ஒரு பங்கு, நூறாண்டைத் தாண்டிய வார்ப்பிரும்புக் குழாய்களின் வெடிப்புக்களாலும் மூட்டுக்களாலும் மண்ணுக்குள் போயிற்று. ஒரு பங்கு திருட்டு இணைப்புக்களாற் போயிற்று. பழுதுற்ற மானிகள் ஒரு பங்கை எண்ணத் தவறின. பொதுக் குழாய்களில் இலவசமாய் ஓடியது மற்றொரு பங்கு. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு பழைய குழாய்களை மாற்றியும், நகரை வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் வாயிலிலும் மானி வைத்தும் இந்த இழப்பைக் குறைக்கும் வேலை பின்னர் நடைபெற்றது. இழப்பும் படிப்படியாய்க் குறைந்தது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. நிலத்துக்கடியில் நீர் ஒழுகுவதை முதலில் அறிபவர் யார்? வெயில் காலத்திலும் உலராத நடைபாதையைக் காணும் கடைக்காரர். இரவிலே சுவருக்குள் ஓசை கேட்கும் முதியவர். ஒருநாள் காலையில் குழாயில் விசை குறைந்ததை உணரும் இல்லத்தரசி. நகரம் முழுவதற்கும் கருவி வைப்பதைக் காட்டிலும் இவர்களது கண்ணும் காதும் மலிவானவை. ஆனால் அவர்கள் சொன்னால் யாரேனும் வருவார்கள் என்ற நம்பிக்கை வேண்டும். இருமுறை சொல்லியும் ஒருவரும் வாராவிடின், மூன்றாம் முறை கண்டும் காணாதவராய் நடந்துபோவர். நம்பிக்கை ஒழுகத் தொடங்கினால் நீர் ஒழுகுவதையும் நிறுத்த முடியாது.

வெள்ளவத்தையின் கதை வேறு. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலே, முற்றமும் தென்னையும் உடைய தனி வீடுகள் இருந்த குறுக்குத் தெருக்கள் அவை. 1980களுக்குப் பின்னர் வடக்கிலிருந்து போரினால் இடம்பெயர்ந்து வந்தோரும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் துணையோடு வீடு வாங்கியோரும் அங்கே பெருகினர். தனி வீடுகள் இடிந்து தொடர்மாடிகள் எழுந்தன. ஒரு குடும்பத்துக்கு என்று இட்ட குழாயிலே பல குடும்பங்கள் நீர் குடிக்கத் தொடங்கின. இந்நிலையில் நிலக்கீழ்த் தொட்டியில் நீரைச் சேர்த்து, இயந்திரத்தால் மேல்மாடித் தொட்டிக்கு ஏற்றுவதே முறை. சிலர் இதனை விடுத்து, தெருக் குழாயிலேயே இயந்திரத்தைப் பூட்டி நீரை இழுக்கின்றனர். இது அயலாரின் நீரைப் பறிப்பது மாத்திரமன்று. குழாயினுள் விசை தாழும்போது, வெடிப்புக்களின் வழியே சூழவுள்ள அழுக்குநீர் உள்ளே புகும். நான்காம் மாடியில் ஒருவர் அவசரப்பட்டால், தெருமுனை வீட்டுக் குழந்தைக்கு வயிற்றோட்டம் வரலாம்.

கொட்டாஞ்சேனைத் தோட்டத்திலே கணக்கிலக்கம் இல்லாமை குறை. வெள்ளவத்தை மாடியிலே இலக்கம் உண்டு. ஆயினும் பொறுப்பு யாரிடம் என்பது குறை. தொட்டி கழுவப்படவில்லையெனின் குடியிருப்பாளர் நீர்ச் சபையை நோவர். சபையின் பொறுப்பு மானியோடு முடிகிறது. மானிக்கு உட்புறம் மாடியின் முகாமைக் குழுவுக்குரியது. அக்குழு கூடுவதோ அரிது. சொந்தக்காரர் தொரண்டோவிலும் குடியிருப்பவர் கொழும்பிலும் இருந்தால் கூட்டத்துக்கு யார் வருவது?

இவ்விடத்திலே யாழ்ப்பாணத்தாரின் பழைய அனுபவம் ஒன்று வழிகாட்டும். ஆறில்லாத அந்நாட்டிலே வாழ்வு முழுதும் கிணற்றையே சார்ந்தது. ஒரு கிணறு பல குடும்பங்களுக்குப் பங்காய் இருக்கும். காணி உறுதியிலே நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் சேர்த்தெழுதுவது வழக்கம். எவர் எந்நேரம் இறைப்பது என்பதற்கு முறை உண்டு. கிணற்றை இறைத்துச் சேறு வாரும் நாளிலே பங்குக்காரர் யாவரும் ஆள் கொடுக்க வேண்டும் அல்லது பணம் கொடுக்க வேண்டும். சண்டைகளும் வழக்குகளும் இல்லாமலில்லை. ஆயினும் கிணறு யாருடையது என்ற கேள்விக்கு விடை இருந்தது. பங்குக்காரன் என்ற சொல்லிலே உரிமையும் கடமையும் ஒருங்கே அடங்கின. அந்தச் சொல்லை நகரத்துக்குக் கொண்டுவருவதே இன்று செய்ய வேண்டியது. கொழும்பின் குழாய் ஒரு பெரிய பங்குக் கிணறு. அதன் ஒரு பங்கு கொட்டாஞ்சேனையிலும், ஒரு பங்கு வெள்ளவத்தையிலும் இருக்கிறது.

இதனைச் செய்து காட்டிய நகரங்கள் உண்டு. போரினாற் சிதைந்த கம்போடியாவின் தலைநகராகிய புனோம் பென்னிலே 1993ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே நீர் வந்தது. அனுப்பிய நீரில் நூற்றுக்கு 72 பங்கு கணக்கில் வரவில்லை. அவ்வாண்டு நீர் வழங்கல் நிறுவனத்தின் தலைமையை ஏற்ற எக் சொன் சான் என்பவர், பெரும் பதவியாளர் வீடுகளும் விலக்கின்றி எல்லா வீடுகளுக்கும் மானி பொருத்தினார். வறியோருக்கு இணைப்புக் கட்டணத்திலே நூற்றுக்கு 30 முதல் முழுத்தொகை வரையும் சலுகை தந்து, மீதியைத் தவணையிற் கட்ட வழிசெய்தார். திருட்டு இணைப்பைக் காட்டிக்கொடுப்போர்க்குப் பரிசளித்தார். 2008ஆம் ஆண்டளவிலே இழப்பு நூற்றுக்கு 6 என்னும் அளவுக்கு இறங்கிற்று. நீரோ இரவும் பகலும் வந்தது. 2006ஆம் ஆண்டிலே அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. வலியோரிடமும் கட்டணம் பெற்றதனாலேயே எளியோருக்குச் சலுகை தர இயன்றது என்பது அந்நகரம் கற்பிக்கும் பாடம்.

பெங்களூரிலே வழி வேறாய் இருந்தது. சாமுவேல் பால் என்னும் அறிஞர் 1994ஆம் ஆண்டிலே, பாடசாலை மாணவருக்கு மதிப்பெண் அட்டை வழங்குவதுபோல, நீர், மின்சாரம், தொலைபேசி முதலிய சேவைகளை நடத்தும் நிறுவனங்களுக்கு மக்களைக் கொண்டு மதிப்பெண் இடுவித்தார். செய்தித்தாள்கள் அவற்றை வெளியிட்டன. 1999இலும் 2003இலும் அதே மதிப்பீடு மீண்டும் நடைபெற்றது. முதலில் முகஞ்சுளித்த நிறுவனங்கள் பின்னர் திருந்த முற்பட்டன. குறையை ஒருவர் சொன்னால் முணுமுணுப்பு. ஊர் முழுவதும் அளந்து சொன்னால் அது சான்று.

இலங்கையிலும் இதற்கு இடமுண்டு. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2002ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. மின்கட்டணம் மாறும்போது அவ்வாணைக்குழு பொதுமக்களை அழைத்து அவர்கள் கருத்தைக் கேட்கும் வழக்கம் ஏற்பட்டது. நீரும் அச்சட்டத்தின் பட்டியலிலே இடம்பெற்றது. ஆயினும் நீருக்கு வேண்டிய தனிச்சட்டம் நெடுங்காலம் நிறைவேறாமையால் அதே வாசல் நீருக்குத் திறக்கவில்லை. பொருளாதார நெருக்கடியின்போது 2022 செப்டெம்பரிலும், மறுபடி 2023 ஆகஸ்டிலும் நீர்க்கட்டணம் உயர்ந்தது. 2024இலே சிறிது குறைந்தது. உயர்வுக்குக் காரணம் இருந்திருக்கலாம். மின்சாரமும் மருந்தும் விலையேறினால் நீரின் விலை ஏறாதிருக்க இயலாது. ஆனால், பாதியளவு இழப்பைக் கண்ட நகரத்திலே, இழப்பின் எவ்வளவு பங்கு இப்பட்டியலில் சேர்ந்திருக்கிறது என்று கேட்கும் உரிமை கட்டுபவருக்கு உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்தக் கேள்விக்குக் கைகொடுக்கும்.

நீர் வழங்குவோர் செய்யத்தக்கவை அரியனவல்ல. நீர் நிறுத்தப்படும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே, அத்தெருவிலுள்ளோர் வாசிக்கும் மொழியிலே அறிவித்தல் முதலாவது. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் அறிவித்தலைக் கேட்பது சலுகை வேண்டுவதாகாது. முறையீட்டுக்கு இலக்கமிட்டு, என்ன செய்யப்பட்டது என்று மறுமொழி கூறுதல் இரண்டாவது. நீர்ச் சபையின் 1939 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. அழைப்பை ஏற்பதோடு வேலை முடிந்துவிடாது, குழாய் அடைபட்ட பின்னரே முடியும். தோட்டந்தோறும் மாடிதோறும் ஒரு சிறு குழுவை ஆண்டிலே இருமுறையாவது சந்தித்தல் மூன்றாவது. விலை மாறும்முன் காரணத்தைச் சொல்லிக் கருத்தைக் கேட்டல் நான்காவது.

நீர் பெறுவோருக்கும் கடமை உண்டு. தெருக் குழாயில் இயந்திரம் பூட்டாதிருத்தல், ஆண்டுதோறும் தொட்டியைக் கழுவுதல், பட்டியலைத் தவணையிற் கட்டுதல், ஒழுக்கைக் கண்டவுடன் அறிவித்தல், மாடிக் கூட்டத்துக்குப் போதல் ஆகியவை பெருந்தியாகங்கள் அல்ல. பங்குக் கிணற்றிலே சேறு வார ஆள் கொடுத்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு இவை புதியனவும் அல்ல.

2010ஆம் ஆண்டு யூலை 28ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, தூய குடிநீர் மனிதரின் உரிமை என்று தீர்மானித்தது. நியூயோர்க்கிலே எழுதப்பட்ட அந்த உரிமை கொட்டாஞ்சேனை முடுக்கு வரையும் வந்து சேரக் குழாய் மட்டும் போதாது. அத்தோட்டத்துத் தாயின் பெயர் ஒரு புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். அவர் சொல்வதை ஒருவர் கேட்க வேண்டும். கேட்டவர் திரும்பி வந்து மறுமொழி சொல்ல வேண்டும். அன்று அவர் இரவிலே உறங்குவார். லபுகமைக் காட்டிலிருந்து 1886ஆம் ஆண்டிலே புறப்பட்ட நீரின் பயணம் அப்பொழுதுதான் முடிவுறும்.